ஸ்ப்ளூகன், ஏப்ரல் கடைசி

எட்டு மணிக்குக் கண்ணாடி,
பதினொன்றுக்குச் சீனி,
இரண்டுக்கெல்லாம் சறுக்குப் பலகையைப் பிடித்திழுக்கும் கூழ்.
மாதம் முழுக்க அறிவிப்புப் பலகையில்
நான் எழுதியது இதைத்தான்,
ஜெர்மனில், கொஞ்சம் நாகரிகமாக.

ஞாயிற்றுக்கிழமையோடு மூடிவிட்டோம்.
வாடகைக் காலணிகள் நூற்றுப் பன்னிரண்டு சோடி,
கழுவிக் கவிழ்த்தாயிற்று.
லிஃப்ட் நாற்காலிகளை ரேத்தோ கழற்றிக்
கொட்டகைக்குள் அடுக்கினான்.

செவ்வாய் இரவு கொட்டியது.
விடிந்து பார்த்தால் அளவுகோலில் அறுபது.
டிசம்பரில் கெஞ்சியும் வராதது.

ரேத்தோ வாசலில் நின்று
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.
பிறகு பலகைகளைத் தோளில் சாத்திக்கொண்டு
நடந்தே ஏறத் தொடங்கினான்,
இடுப்பளவு, திரும்பிப் பார்க்காமல்.

நான் சாக்பீஸைத் தேடியெடுத்தேன்.
யாரும் படிக்கப் போவதில்லை.
‘அறுபது. புதுசு. சலித்த மாவு’
என்று எழுதினேன்,
தமிழில்.