என்ன வாசம் இது

வேன் கதவைத் திறந்ததும் அக்கா கேட்டாள்
"என்ன வாசம் இது?"
எந்த வாசம், என்றேன்.
நிஜமாகவே தெரியவில்லை.
சிலிம் ரீவருக்கு வந்து நாலு வருஷம்.
எண்ணெய் ஆலைக்குப் பின்னால் குளம் குளமாய்ப்
புளித்துக் கிடக்கிறது செம்பனைக் கழிவு.
இவர் சட்டையைத் துவைத்துத் துவைத்து
என் மூக்கு அதற்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது.

அத்தான் தவசிமுத்து
புதுக் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கி
நாலு திசையும் பார்த்தார்.
செம்பனை.
அதற்குப் பின்னாலும் செம்பனை.
"ஃபாரின் எந்தப் பக்கம்?" என்றார்.
பிள்ளைகள் சிரித்தார்கள், நானும்தான்.
கொஞ்சம் சுருக்கென்றது.

பெட்டியைப் பிரித்தால்
எட்டுக் கிலோ கோவில்பட்டிக் கடலைமிட்டாய்,
வற்றல், வடகம், எனக்கு இரண்டு நைட்டி,
குக்கருக்கு நாலு ரப்பர் வளையம்.
கித்தாத் தோட்டத்து ஊருக்கு
ரப்பர் கொண்டுவந்தவள் என் அக்கா ஒருத்திதான்.

மறுநாள் காலை நிலானி போய்
"பெரியப்பா, பசியாறியாச்சா?" என்றாள்.
"பசியே எடுக்கலையே தாயி,
அதுக்குள்ள எப்படி ஆறும்?"
பள்ளிக்கூடத்தில் பிடித்த தமிழ் அவளுக்கு.
எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது:
கடையில் நான் "எத்தனை வெள்ளி" என்று கேட்டதற்கு
அக்கா நடுரோட்டில் நின்று சிரித்தாள்.
மூன்றாம் நாள் அவளே
மிச்ச மீகோரெங்கைக் காட்டி
"தாப்பாவ்" என்றாள், அதிகாரமாக.

நாலு மணிக்கு மழை.
ஐந்து மணிக்கு மழை இருந்த சுவடே இல்லை.
ரம்புத்தான் தோலில் வழுக்கி விழுந்தான் பிரதீபன்.
டுரியானை அத்தான் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.
அக்கா மட்டும் பின்கட்டில் குந்தி
ஒரு பழத்தை முழுசாய் முடித்துவிட்டு
கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

ஐந்தாம் நாள் உலு சிலிம் வெந்நீர் ஊற்று.
"இந்த வெயிலிலே வெந்நீர்க் குளியலா?
அதுக்குப் பெட்ரோல் வேறயா?"
முனகிக்கொண்டே வந்தவள்
முழங்கால் வரை இறங்கியதும்
கண்ணை மூடிக்கொண்டாள்.
பத்து முட்டையை வலைப்பையில் கட்டி
கொதிக்கிற பக்கம் இறக்கினோம்.
பிள்ளைகள் நிமிஷத்துக்கு ஒருமுறை
வெந்துருச்சா, வெந்துருச்சா.

நான் துண்டு எடுக்கப் போனேன்.
பாறைக்கு அந்தப் பக்கம்
பேண்டைச் சுருட்டிவிட்டு இரண்டு ஆண்கள்.
கறுப்புக் கண்ணாடி சட்டைப் பையில்.
அத்தான் குரலா அது?
"மாப்ளே, உங்க ஆலையிலே
என் வயசு ஆளை எடுப்பாங்களா?
தீப்பெட்டி ஆபீஸ் மூடி ஏழு மாசம் ஆச்சு.
உங்க அக்காவுக்கு... இந்த ட்ரிப் முடியட்டும்னு..."

இவர் பாய்லரோடு பேசிப் பழகியவர்.
பதில் வர நேரமாகும்.
கயிற்றை இழுத்து ஒரு முட்டையை எடுத்தார்,
கைக்குக் கை மாற்றி ஊதினார்,
உரித்து அத்தானிடம் நீட்டினார்.
"இன்னும் கொஞ்சம் வேகணும் அண்ணாச்சி.
விசாரிக்கிறேன்."

துண்டு இல்லாமல் திரும்பி வந்தேன்.
அக்கா தண்ணீரில் காலாட்டிக்கொண்டு
"ஒரு போட்டோ எடுடி" என்றாள்.
எடுத்தேன்.
அதில் எல்லோரும் சிரிக்கிறோம்.
என் விரல் ஒரு மூலையை மறைத்திருக்கிறது.

ஏழாம் நாள் விடியற்காலை வேன் வந்தது.
அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
தெருவை ஒருமுறை பார்த்தார்,
வாடகைக்கு வீடு பார்க்கிறவர் மாதிரி.
"இப்போ அந்த வாசம் அடிக்கலையே"
என்றாள் அக்கா, கடலைமிட்டாய் டப்பாவில்
பெலாச்சான் பொட்டலத்தை அமுக்கியபடி.

வேன் திரும்பி மறைந்தது.
கொடியில் ஏழு துண்டுகள், இன்னும் ஈரம்.
காற்று ஆலைப் பக்கமிருந்து வந்தது.
நாலு வருஷத்துக்கு அப்புறம்
முதல்முதலாய் எனக்கு அடித்தது,
புளிப்பாய், கனமாய்,
சங்கு ஊதும் நேரம்.