ஏழாம் பாத்தி

பூம்பாறைச் சரிவில் பன்னிரண்டு பாத்தி மலைப்பூண்டு.
எதற்கு எத்தனை கூடை தொழுவுரம் என்பது என் இஷ்டம்:
ஆகவே உரம், சாரா மாறி.
பூண்டின் எடை அதன் மேல் சாய்ந்து நிற்கும்:
சார்ந்த மாறி.
மற்றவை மாறக் கூடாது.
ஒரே விதை, ஒரே நாள் நடவு, களையெடுக்க ஒரே கை.
எழுதிக்கொண்டிருக்கும்போதே சாரல் அடித்து
'சாரா'வின் கடைசித் துணைக்கால் கரைந்துபோனது.
மிஞ்சியது 'சார'.
சிரித்துவிட்டு நோட்டை மூடினேன்.

அறுவடையில்
உரமே போடாத ஏழாம் பாத்தி
எல்லாவற்றையும் மிஞ்சியது.
தராசைச் சுழியத்தில் நிறுத்தி
மூன்று முறை நிறுத்தேன். நாற்பத்து நான்கு கிராம்.
கோயம்புத்தூரிலிருந்து நெறியாளர் சொன்னார்:
"அது பிறழ்வு, கயல்விழி. அடித்துவிடு."

வரப்பில் குந்தினேன்.
செருப்பில் ஒட்டியது சாம்பல்.
பாதி எரிந்த தைலமரச் சுள்ளி, ஒரு பீடித் துண்டு.

"காட்டுமாடு வரும்ல, அதான் தீ மூட்டுவேன்"
என்றார் காவலுக்கு இருக்கும் குழந்தைவேலு.
பன்னிரண்டில் ஏழு மட்டும் ஏன்?
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"டவர் இங்கதான் எடுக்கும் மேடம்."

திருப்பூரில் பனியன் கம்பெனி,
மனைவிக்குப் பதினொன்றரைக்கு ஷிஃப்ட் முடியும்.
அறைக் கதவு வரும்வரை
தெருவில் பேசிக்கொண்டே நடப்பாளாம்.
தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் இவர் வைத்துவிடுவார்.

நோட்டில் அம்புக்குறி போட்டேன்.
பூண்டிலிருந்து சாம்பலுக்கு, சாம்பலிலிருந்து தீக்கு,
தீயிலிருந்து டவருக்கு.
அது தாளைத் தாண்டி
கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போய்விட்டது.
சாம்பல்தான் காரணமா,
ஆள் விழித்திருந்ததால் மாடு மிதிக்காத மண்ணா?
இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன,
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பிரிக்க வழி உண்டு.
சாம்பலை அளந்து, சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும்.
காவலையும் குலுக்க வேண்டும்:
இன்று இரண்டாம் பாத்தி, நாளை பதினொன்று.
சீட்டுகளை வெட்டினேன்.
அவர் பெயர் எழுத வேண்டிய சீட்டில்
பேனா நின்றது.

அடுத்த பருவம் பதினொரு பாத்திதான்.
சாம்பல் உண்டு, குலுக்கல் உண்டு, ஏழு கிடையாது.
மாறிலி என்று ஓரத்தில் எழுதி
காரணத்தைக் காலியாக விட்டேன்.

சொன்ன சொல் கேட்டேன் என்று
நெறியாளருக்கு ஒரே சந்தோஷம்.