பிடரி

முதல் வாரம்
சீனியர்கள் எங்களை வரிசையில் நிறுத்திப்
பெயரைக் கத்தச் சொன்னார்கள்.
என் பெயர் எனக்கே கேட்கவில்லை.
"ஆம்பளதானாடா நீ?
பகாவ்ல செம்பனை மட்டுந்தான் வளருதா?"
நான்காம் முறை தொண்டை கிழிந்தது.
கைதட்டினார்கள்.
அன்றிரவு குளியலறைக் கண்ணாடியில்
தாடையை இறுக்கிப் பழகினேன்.

இரண்டாம் பருவத்தில் அறுபது வெள்ளிக்கு
முடிவெட்டும் மெஷின் வாங்கினேன்.
மூன்றாம் மாடி முழுக்க என்னிடம் வந்தது.
துணி காயும் பின்பக்கம்,
கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி,
கழுத்தைச் சுற்றி யாருடையதோ ஒரு கைலி.

மெஷின் ஓடும்போது நிமிர முடியாது,
என் முகத்தைப் பார்க்கவும் முடியாது.
அதனால்தானோ என்னவோ
பேசினார்கள்.
வரிசையில் எங்களை அதிகம் கத்தவைத்த
ஜீவேந்திரனுக்குக் கல்விக்கடன் வந்ததும்
பாதி வீட்டுக்குப் போய்விடுமாம்;
கான்டீனில் வெறும் சோறும் குழம்பும்.
முகுந்தனுக்கு விளக்கை அணைத்தால் தூக்கம் வராது.
தனபாலன் ஒன்றும் சொல்லவில்லை.
தோள் மட்டும் குலுங்கியது.
மெஷினை நிறுத்தத் தெரியாமல்
சிரைத்த இடத்தையே
திரும்பத் திரும்பச் சிரைத்தேன்.

மூன்றாம் ஆண்டு சமூகவியல் தாளில்
ஆண்மை பற்றி இருபது மதிப்பெண்ணுக்குக் கேள்வி.
மலாயில் நாலு பக்கம் எழுதினேன்.
பிடரிகளைப் பற்றி ஒரு வரி இல்லை.
ஏ மைனஸ்.

இப்போது விடுமுறை.
பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடை ஓரம்,
குலை ஏற்றும் லாரியை நிறுத்திவிட்டு
பூபாலன் வந்து உட்காருகிறான்.
ஐந்தாம் படிவத்தோடு நின்றவன்.
நாளை சிரம்பானில் கேஸ்.
"படிச்ச பையன் மாதிரி வெட்டுடா,
நீதிபதி பாக்கணும்ல."

காதுக்குப் பின்னால் அதே தழும்பு.
ஆறாம் வகுப்பில் நான் எறிந்த கல்.
வீட்டில், மரத்திலிருந்து விழுந்தேன் என்றிருந்தான்.

"அங்க பசங்கள்லாம் எப்படிடா?"

"நல்லாக் கத்துவானுங்க."

சிரித்தான். பிடரி என் விரலில் அதிர்ந்தது.
கொஞ்ச நேரம் கழித்து, சிமெண்டுத் தரையிடம்,
"அப்பா வரமாட்டேன்னுட்டாரு.
யாரும் வரலடா" என்றான்.

மெஷினை நிறுத்தினேன்.
டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் மட்டும்.

"ஏழு மணி பஸ்ஸா, எட்டரையா?"

திரும்பிப் பார்க்க எழுந்தவனின்
தலையை அழுத்திப் பிடித்தேன்.
"இன்னும் பாதி இருக்கு,
குனிடா."