பதினொரு நொடி

முதல் வடிவில் நாற்பத்திரண்டு பக்கம்.
மஞ்சள் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கும் ஒருவனை
எங்கிருந்தோ விலைக்கு வாங்கி
முகப்பில் நிறுத்தியிருந்தேன்.
அவன் முதுகுக்குப் பின்னே பாலைவனம்.
கத்தரித்துவிட்டுத் தேயிலையை ஒட்டினேன்.
வெயிலில் சுருங்கிய கண்களை
ஒன்றும் செய்ய முடியவில்லை.

குரல் சென்னையில் பதிவானது.
'தொழிலாளர் பாதுகாப்பே நமது முதன்மை நோக்கம்.'
விமானம் தாமதமாகும் என்று
சொல்லப்போவதுபோலவே இருந்தது.
காசோலை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அறிக்கை:
அறுபத்து மூன்று பேர்,
ஆளுக்கு நான்கே நிமிடம்,
அத்தனை பேருக்கும் நூற்றுக்கு நூறு.
நாயன்மார்களுக்கே
இவ்வளவு சுலபமாய் முக்தி கிடைத்ததில்லை.

மேலாளர் கைதட்டும் பொம்மை அனுப்பினார்.
நான் கோத்தகிரியில் பஸ் ஏறி
கட்டபெட்டில் இறங்கி
வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஃபேக்டரிக்குள் சிக்னல் கிடையாது.
கேட்டுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தடியில்
மழை இல்லாவிட்டால் இரண்டு கோடு.
அந்த மரத்தடிதான் என் வகுப்பறை.
ஒரே மாணவன்: ஆல்துரை.
டீத்தூள் கவரின் பின்புறத்தில்
எல்லாருடைய எண்களும் எழுதி வைத்திருந்தான்.
'ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து
நான்தான்க்கா முடிச்சேன். ஆளுக்கு ஒரு வடை.
தப்பா அழுத்தினா
"மீண்டும் முயல்க"ன்னு வரும்.
நாலாவது தரம் எப்படியும் சரியாயிடும்.'

இடது கையைச் சால்வைக்குள்ளேயே வைத்திருந்த
யோகராணி கேட்டார்:
'ரோலர் அப்படிச் சொல்லுமா?'

உள்ளே கூட்டிப்போய் ஸ்விட்சை அணைத்துக் காட்டினார்.
விளக்கு அணைந்தது.
பச்சை இலைக் கூழ் ஒட்டிய பற்கள்
சுற்றிக்கொண்டே இருந்தன.
நின்றுவிட்டதென்று நான் நினைத்த பிறகும்
இன்னும் கொஞ்சம்.
போனில் அளந்தேன். பதினொரு நொடி.

அன்றிரவு நாற்பத்தோரு பக்கம் அழித்தேன்.
ஹெல்மெட்காரனைக் கடைசியில்;
அவனாவது சிரித்துக்கொண்டிருந்தான்.

இப்போது திரை முழுக்க இருட்டு.
ஸ்விட்ச் அணையும் ஒரு 'டக்'.
பிறகு உருளை ஓய்ந்துவரும் ஓசை,
நடுவே யாரோ இருமுவதும் அப்படியே.
யோகராணியின் குரலில் ஒரே கேள்வி:
'இப்ப கை வைக்கலாமா?'
முந்தி அழுத்தினால் மீண்டும் முயல முடியாது.
மறுநாள் ஷிஃப்டுக்குத்தான் திறக்கும்.
சிக்னல் வேண்டாம்.
போனிலிருந்து போனுக்கு அனுப்பிக்கொள்ளலாம்,
ஒரு நல்ல செய்தியைப்போல.

'ஸ்டார் எங்கே? பேட்ஜ் எங்கே?
ஒரு ஈர்ப்பே இல்லையே' என்றார் மேலாளர்.
இரண்டு மணிநேரம் வாதாடித் தோற்றேன்.
வலது மூலையில்
ஒரு தங்க நட்சத்திரம் இருக்கிறது. பார்க்காதீர்கள்.

முதல் நாள் தேறியவர்கள் பத்தொன்பது பேர்.
மேலாளர் பொம்மை எதுவும் அனுப்பவில்லை.
எனக்கு இந்த அறிக்கையை
மறுபடி மறுபடி பார்க்கத் தோன்றியது.
நாற்பத்து நான்கு பேர், நாற்பத்து நான்கு கைகள்,
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ராத்திரி ஆல்துரையின் செய்தி:
'அக்கா, படம் ஸ்டக் ஆயிடுச்சு.
இருட்டா இருக்கு. எதுவுமே வரல.'

விளக்கமாக ஒரு பத்தி எழுதி அழித்தேன்.
'எண்ணிப் பாரு' என்று மட்டும் அனுப்பினேன்.

ஒரு டிக்.
ஜன்னலுக்கு வெளியே மழை
கட்டபெட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.
இன்னும் ஒரு டிக்தான்.