ஐந்தே முக்கால் வரை

ஆண்ட்டாப் ஹில்லில் குழாய்த் தண்ணீர்
ஐந்தே முக்கால் வரைதான்.
குடங்கள் நிறைந்தபின் மிச்சம் வருவது
என் மாஸ்க்குக்கு.

கழற்றுகிறேன்.
மருந்துக் கிண்ணம், மூடி,
அப்புறம் நகத்தளவு ஒரு வெள்ளைத் துண்டு.
போன மாதம் அது சாக்கடைக்குள் போய்
முப்பிடாதி விளக்குமாற்றுக் குச்சியால் மீட்டாள்.

ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர், அரை மணி நேரம்.
"லோன்சா போடுறீங்களா?"
எதிர்வீட்டு வைஷாலி மூக்கைச் சுளிக்கிறாள்.
ஆமாம்மா,
மூச்சை ஊறப்போட்டிருக்கிறேன்.

ட்யூபை மட்டும் நனைக்கக் கூடாதாம்.
மெஷினை வெறுமனே ஓட்டிக் காயவைக்க வேண்டும்.
இரண்டு நிமிஷம் அது
தனக்கென்று மூச்சு விட்டுக்கொள்கிறது,
கடகடவென்று,
வாடகைக் கவலை இல்லாத ஆள் மாதிரி.

துண்டில் கவிழ்த்த கிண்ணத்தின் அடியில்
ஒரு சொட்டு மட்டும்
போகமாட்டேன் என்கிறது.
ஊதினால் போய்விடும்.

பதினெட்டு வருஷம் தாராவிப் பட்டறையில்
இரும்புக் கதவின் இடுக்குகளில் படிந்த
பெயிண்ட் பவுடரை
வாயாலேயே ஊதித் தள்ளியவன் நான்.

உதறுகிறேன்.
நின்று,
மறுபடி உதறுகிறேன்.

முப்பிடாதி பார்க்காத மாதிரி
பால் பாக்கெட்டின் மூலையை
ரொம்ப நேரமாக வெட்டிக்கொண்டிருக்கிறாள்.