மீந்த திராட்சரசம்

ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லாமல்தான் சொன்னார்கள்:
'நம் சபையில் ஒரு சகோதரருக்கு, இரத்தத்தில்.'
ஆமென் சொல்லி முடிப்பதற்குள்
எல்லாருக்கும் பெயர் தெரிந்துவிட்டது.

எபனேசர் தவமணி.
ஈசூனில் மின்தூக்கி பழுது பார்ப்பவர்.
அடுத்த ஞாயிறு அவர் பெஞ்சில்
இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிஷ்யூ பாக்கெட்,
கோப்பிக்கடை மேசையில் இடம் பிடித்ததுபோல.
யாருக்கு என்று கேட்டேன்.
'யாருக்குமில்லை தம்பி.
காலியாகக் கிடந்தால் பார்க்கிறவர்களுக்குச் சங்கடம்.
ஆள் வருவதாக இருக்கட்டுமே.'

நான் கிண்ணம் பிடிக்கிறவன்.
இது இரத்தம் என்று
ஒவ்வொரு வாயிடமும் சொல்கிறவன்.
அன்று வரிசை அவரைச் சுற்றிக்கொண்டு ஓடியது.
கைக்குழந்தைக்காரிக்கு அவரே வழிவிட்டார்.
கைத்தடி இல்லாமல் எழாத சாமுவேல் ஐயாகூட
அன்று தடியை மறந்து முந்திவிட்டார்.
கடைசியாக வந்தார். குடித்தார்.
மீந்தது ஒன்றரை மிடறு.

மீந்ததைக் கிண்ணம் பிடித்தவன் குடிக்க வேண்டும்.
முறை அப்படி.
பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.
எச்சிலில் வராது, தெரியும்.
மாத்திரை தவறாதவரிடமிருந்து எப்படியும் வராது,
அதுவும் தெரியும்;
ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பதினோரு வருடமாக
அந்த மாத்திரைகளை எண்ணித் தருகிறவன் நான்.
தெரிந்தது கைவரை இறங்கவில்லை.
குழாயைத் திறந்தேன்.

தொட்டியில் ஒரு சிவப்பு,
பிறகு வெளிறிய சிவப்பு,
பிறகு ஒன்றுமில்லை.

ஆனால் இந்தத் தீவில்
எதுவும் ஒன்றுமில்லாமல் போவதில்லை.
சாக்கடைக்குப் போனது வடிகட்டப்பட்டு
புதுநீர் என்று பெயர் வைத்துக்கொண்டு
திரும்பி வரும்.
அந்த மாதம்
சபையார் அரிசி களைந்தார்கள்,
பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பினார்கள்,
சாமுவேல் ஐயா மாத்திரை விழுங்கினார்.
ஒரு துளி, எந்தக் குழாயிலோ.
முறைப்படி குடிக்காத நானும்
குடித்திருப்பேன்.

நேற்று கிண்ணம் வேறொருவர் கையில்.
மூன்றாவது பெஞ்சுக்குப் போனேன்.
வலப்பக்கத்துப் பாக்கெட்டை எடுத்து
ஒன்றை உருவிக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு
உட்கார்ந்தேன்.
'அது ஆள் வருகிற இடம்' என்றார்,
என்னைப் பார்க்காமல்.

பிறகு கொஞ்சம் நகர்ந்து
காற்றாடியின் காற்று எனக்கும் படும்படி
இடம் விட்டார்.

பின்னறைக் குழாய்க்குச் சத்தம் அதிகம்.
மூன்றாவது பெஞ்சு வரை கேட்குமா
என்று நான் கேட்கவில்லை.