நிபந்தனை ஜாமீன்

"இருக்கலாம்" என்றார் மருத்துவர் மில்டா.
"இல்லாமலும் இருக்கலாம்" என்றார்
அதே மூச்சில்.

அழுத்தம் இருபத்திரண்டு.
இருபத்தொன்று வரை கேள்வியில்லை.
ஒரே ஒரு எண்ணுக்காகவா என்றேன்.
உங்கள் கருவிழி தடிமன்,
கருவியே ஏமாந்திருக்கலாம் என்றார்.
நரம்பு தொடங்கும் இடத்தில் ஒரு கிண்ணம் உண்டாம்.
என்னுடையது கொஞ்சம் பெரிது.
பிறக்கும்போதே பெரிதா
பிறகு குடைந்து குடைந்து பெரிதானதா,
ஒரு படம் சொல்லாது.
இரண்டாவது படம் வேண்டும்.
இரண்டுக்கும் நடுவில் காலம் வேண்டும்.

கோப்பில் அவர் எழுதிய சொல்லைத்
தலைகீழாகப் படித்தேன்:
சந்தேகத்துக்குரியது.
குற்றம் நிரூபணமாகவில்லை,
விடுதலையும் இல்லை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

பக்கத்து அறைப் பையன்
வெள்ளைக் குடுவைக்குள் முகத்தை வைக்கச் சொன்னான்.
நடுப்புள்ளியையே பாருங்கள்,
ஓரத்தில் பொறி தெரிந்தால் பொத்தானை அழுத்துங்கள்.
தெரிந்தது, அழுத்தினேன்.
தெரிந்தது போலிருந்தது, அழுத்தினேன்.
நெடுநேரம் ஒன்றுமே வராதபோது
பயந்துபோய்ச் சும்மாவும் அழுத்தினேன்.
கணினி அதையும் எண்ணி வைத்திருக்கிறது:
பொய்ச்சாட்சி, பதினெட்டு விழுக்காடு.
வலது கண்ணில் மூக்குப் பக்கமாக
ஒரு சாம்பல் திட்டு.
களைப்பாக இருக்கலாம் என்றான்,
இமை தாழ்ந்திருக்கலாம்.
அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும்
அந்த ஒரு வினைமுற்றுதான் தெரியும்.

நான் க்ளைபேடா துறைமுகத்தில்
பாரந்தூக்கி ஓட்டுகிறவள்.
நாற்பது மீட்டர் உயரம், கண்ணாடித் தரை.
காலுக்குக் கீழே கொள்கலன்கள்,
அவற்றின் இடுக்கில் வீதேனிஸின் மஞ்சள் தொப்பி.
பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியுமா
என்று மில்டாவைக் கேட்டிருந்தேன்.
இல்லையாம்.
அக்கம்பக்கத்து நிறத்தை எடுத்து
மூளையே பூசி மூடிவிடுமாம்,
புதுக் குடித்தனம் வருமுன்
வீட்டுக்காரர் சுவரைப் பூசுவதுபோல.
அப்படியென்றால்
நான் பார்க்கும் இந்தக் கடலில்
எவ்வளவு கடல்?

எந்தப் பக்கம் நிற்கிறாய்? வாக்கிடாக்கியில் கேட்கிறேன்.
இடது.
எந்தப் பக்கம்?
இடதுதான் ரமுனே,
காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாயா?

சிரித்தான். எனக்குக் கை நின்றுவிட்டது.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா
என்று மில்டா கேட்டபோது
இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன்.
அப்பா கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார்.
தேநீரைக் கோப்பைக்கு அருகில் ஊற்றுவார்.
இல்லாத படியொன்றில் கால் வைத்துத் தடுமாறுவார்.
அம்மா ஒவ்வொரு முறையும் அவர் வாயை முகர்ந்தாள்.
மீன்பிடிக் கப்பலிலிருந்து அவரை இறக்கிவிட்டபோது
காரணம் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டோம்.
குடிகாரனின் கண்ணை
யார் மருத்துவரிடம் கூட்டிப்போவார்கள்?

நேற்றிரவு கௌனாஸில் இருக்கும் தம்பியை அழைத்தேன்.
கிந்தவுதாஸ், அப்பா நிஜமாகவே குடித்தாரா?
சற்று நேரம் அவன் வீட்டுத் தொலைக்காட்சி மட்டும் பேசியது.
குடித்தார், என்றான்.
பிறகு,
ஆனால் உன் கல்யாணத்தன்று இல்லை.
அன்று முழுக்கக் கூடவே இருந்தேன்,
ஒரு சொட்டு இல்லை.

என் கல்யாணத்தன்றுதான்
மரம்போல் கிளைவிட்ட அந்தக் கேக்கோடு
மேசையையே சாய்த்தார் அப்பா.
பதினோரு மாதம் அவரோடு நான் பேசவில்லை.
பன்னிரண்டாம் மாதம் அவர் இல்லை.

அவருக்கு இருந்திருக்கலாம்.
படம் எடுத்துப் பார்க்க
அந்தக் கண்கள் எங்கும் இல்லை.

அக்டோபர் பதினான்கு, காலை எட்டு இருபது.
அட்டையைக் குளிர்பெட்டியின் இடது ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்.
இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு
கெட்டிலையே பார்த்தபடி நின்றால்
தெரிகிறது அது.
தெரிவது போலிருக்கிறது.